கவலை குறைந்த பறவை

சொற்களோடு பழகுவதையே தொழிலாகக் கொண்டவனுக்குச் சில சொற்றொடர்கள் முள்ளாய்த் தைப்பதுண்டு. அத்தகைய ஒன்றை அண்மையில் நம் மாணவன் ஒருவன் கொணர்ந்தான். உயிரினங்களின் நிலை பற்றிய அட்டவணையொன்றைத் தமிழாக்க முனைந்த அவன், ஒரு கடற்பறவைக்கு நேரே “கவலை மிகக் குறைந்தது” என்றெழுதி, “ஐயா, கவலைப்படுவது யார்? பறவையா, நாமா?” என வினவினான். வகுப்பு நகைத்தது. எனக்கோ அவ்வினா நகைத்துத் தள்ளற்பாலதாகத் தோன்றவில்லை.

அப்பறவை சோண்டர்ஸ் ஆலா. ஏறக்குறைய ஒரு சாண் நீளமே உடையது. கருந்தொப்பியும் வெண்ணெற்றியும் நுனி கறுத்த மஞ்சள் அலகும் வாய்ந்தது. 1877ஆம் ஆண்டில் இதனைத் தனியினமென விவரித்தவர் அலன் ஒக்டேவியன் ஹியூம். 1885இல் இந்திய தேசிய காங்கிரசைத் தோற்றுவித்தவருள் ஒருவரான அதே ஹியூம்தான். செங்கடல், பாரசீகக் குடா முதல் இலங்கை ஈறாக இப்பறவை வாழ்கின்றது. நம் நாட்டில் தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடையே கிடக்கும் ஆதாம்பாலத்து மணற்றிட்டுகள் ஆலாக்கள் பலவற்றின் பிறப்பிடமாகும்.

இயற்கைப் பாதுகாப்புக்கான பன்னாட்டு ஒன்றியத்தின் செம்பட்டியல் 1964இல் தொடங்கியது. பத்தாண்டு, மூன்று தலைமுறை என்னும் இரண்டில் நீண்ட காலத்துள் ஓரினம் நூற்றுக்கு 30 பங்கு குறையுமாயின் அதனை இடர்ப்பட்ட இனங்களுள் சேர்ப்பர். வாழும் பரப்பு விரிந்து, வீழ்ச்சி அவ்வளவுக்கு எட்டாதிருப்பின் கவலை குறைந்தது என்பர். இது உலகம் முழுமைக்கும் இட்ட கணக்கு. ஒரு மணற்றிட்டுக்கு இட்டதன்று. கல்லூரியின் தேர்ச்சி வீதம் நன்று என்பதனால், கடைசி வாங்கில் இருக்கும் பிள்ளையின் நிலையும் நன்றென்று ஆகிவிடுமா?

எண்ணுதலும் எளிதன்று. சின்ன ஆலா என்னும் பிறிதோர் இனம் இதனோடு உருவில் பெரிதும் ஒத்தது. கூடு கட்டாக் காலத்தில் இரண்டையும் பிரித்தறிய வல்லுநரும் தயங்குவர். தலைமன்னார்க் கரையில் நின்று, நீர்மேல் படபடத்து மீனுக்குப் பாயும் சிறு ஆலாக்களை நானும் கண்டதுண்டு. இதுவோ அதுவோ எனத் துணிந்துரைக்க என்னால் இயலவில்லை.

இதற்குக் கூடென ஒன்றில்லை. மணலைச் சிறிது கீறி, மணல் நிறத்திலேயே முட்டையிடும். கண்ணுக்குப் புலப்படாமையே அம்முட்டைக்குக் காவல். அதுவே அதற்குக் கூற்றமும் ஆகும். நடப்பவன் அறியாமலே மிதிப்பான். தாய்ப்பறவை வெருண்டு எழுந்து நெடுநேரம் திரும்பாதிருப்பின், உச்சி வெயிலே முட்டையைக் கொன்றுவிடும். நாயும் காகமும் எஞ்சியதை உண்ணும்.

2005இல் சேதுசமுத்திரக் கால்வாய்ப் பணி தொடங்கியது. 2007இல் இந்திய உச்ச நீதிமன்றம் ஆதாம்பாலத்துக்குச் சேதம் நேரலாகாதென இடைக்கால ஆணை பிறப்பித்தது. 2015இல் இலங்கை அரசு நம் பக்கத்துத் திட்டுகளைத் தேசியப் பூங்காவாக்கியது. சட்டம் எல்லை வகுத்தது. அவ்வெல்லைக்குள் காலடி வைப்பவனின் மனத்தை அச்சட்டம் ஆளவேண்டுமே!

மலைநாட்டவராகிய நமக்கும் கடற்பறவைக்கும் என்ன உறவு என்று கேட்பாருளர். மாவனல்லையைத் தழுவிச் செல்லும் மா ஓயா கொச்சிக்கடை அருகே கடலோடு கலக்கின்றது. இங்கு நாம் பாலத்திலிருந்து எறியும் பொலித்தீன் பை அங்கே மீனுக்கும் பறவைக்கும் போய்ச் சேரும். உறவு அவ்வாற்றின் வழியே ஏற்கெனவே உண்டு. அது நல்லுறவா என்பதே கேள்வி.

பழைய மாணவருள் மன்னாரில் பணிபுரிவோரும் வளைகுடா நாடுகளில் உழைப்போரும் இம்மலரைப் படிக்கக்கூடும். அக்கரைகளும் இப்பறவையின் வீடுகளே. சித்திரை முதல் ஆடி வரை ஆளற்ற மணலில் நடக்கும்போது, தலைக்குமேல் சிறு ஆலாக்கள் வட்டமிட்டு அலறுமாயின், அன்பர்களே, அடுத்த அடி வைக்காதீர்கள். காலடியை நன்கு நோக்கி, வந்த தடத்திலேயே திரும்புங்கள்.