வாயால் மறுத்தவர்

சித்தூரில் தெருமுனை மெக்கானிக்கிடம் ஒருமுறை எஞ்சின் ஆயில் மாற்றியதுதான் நான் செய்த குற்றம். ஏசி கம்ப்ரெஸர் படுத்துக்கொண்டதும் சுமார் 70 கிலோமீட்டர் ஓட்டிப்போய்த் திருப்பதி டீலரிடம் காட்டினேன். அதுவரை தமிழில் பேசிய மேலாளர் தெலுங்குக்கு மாறினார்: வெளியாள் கை வைத்த வண்டிக்கு வாரண்டி கிடையாதாம். ஆயிலுக்கும் ஏசிக்கும் என்ன சம்பந்தம்? பதில் இல்லை. 28,000 ரூபாய்க்கு எஸ்டிமேட் மட்டும் வந்தது.

மொழிபெயர்ப்பே பிழைப்பான எனக்குப் பொடி எழுத்து புதிதல்ல. வாரண்டிப் புத்தகத்தை வரிவரியாகப் படித்தேன். வெளிவேலையால் ‘ஏற்பட்ட’ சேதத்துக்குத்தான் விலக்கு. அந்தப் பெயரெச்சத்தில் இருந்தது என் வழக்கு. 2014 ஆகஸ்டில் 14 கார் நிறுவனங்களுக்கு அபராதம் விதித்த இந்தியப் போட்டி ஆணையமும் இதையே சொன்னது: வெளியே பழுது பார்த்ததற்காக வாரண்டியை ஒட்டுமொத்தமாக ரத்து செய்யக்கூடாது, தவறான வேலையால் விளைந்த சேதத்துக்கு மட்டும் மறுக்கலாம்.

மறுபடி போனேன். “மறுப்பதை ஜாப் கார்டில் எழுதிக் கொடுங்கள், சார். 2019 சட்டப்படி நான் குடியிருக்கும் சித்தூரிலேயே நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். என் 7 லட்ச ரூபாய் வண்டிக்குக் கட்டணம் 200 ரூபாய், வக்கீலும் வேண்டாம்” என்றேன். வாயால் சரளமாக மறுத்தவர் பேனாவைத் தொடவில்லை.

நான்காம் நாள் போன் வந்தது, தமிழில். பாகம் இலவசம், கூலி 3,200 மட்டும் நான் தர வேண்டுமாம். அதற்கும் எழுத்தில் காரணம் கேட்டிருக்கிறேன்.