அறந்தாங்கி வழியே

ஆவுடையார்கோயிலின் கல் கொடுங்கையைப் பார்க்கப் புதுக்கோட்டையிலிருந்து அறந்தாங்கி வழியாகப் பஸ் ஏறினால், 'அவுக சிங்கப்பூருல இருக்காக' என்ற பேச்சு கட்டாயம் காதில் விழும். வரும் வழியெல்லாம் புது மாடி வீடுகள். வரவு செலவு பார்ப்பது வீட்டுப் பெண்கள்தான்.

சிங்கப்பூரில் 2016 ஏப்ரல் முதல் சம்பளச் சீட்டு தந்தாக வேண்டும். ஒர்க் பர்மிட்காரர்களுக்குச் சம்பளம் பாங்க் கணக்கில் வருவது நல்லது. சீட்டுகளைப் பத்திரப்படுத்தச் சொல்லுங்கள்.

ஊரிலுள்ள அவரது பழைய சேமிப்புக் கணக்கை என்.ஆர்.ஓ.வாக மாற்றணும். அங்கிருந்து அனுப்பும் பணத்துக்கு என்.ஆர்.இ. கணக்கு, அவர் வெளிநாட்டில் இருக்கும்வரை அதன் வட்டிக்கு இங்கே வருமான வரி கிடையாது. ஆனால் ஒன்று, சகோதரிகளே! அதில் உங்கள் பெயரை இரண்டாவதாகச் சேர்த்தாலும், அவர் அதிகாரக் கடிதம் தந்திருந்தால்தான் நீங்கள் பணம் எடுக்கலாம். நடுராத்திரியில் பிள்ளைக்கு ஜுரம் வந்தால் யாரிடம் கை நீட்டுவது? கணக்குத் தொடங்கும்போதே அந்தக் கையெழுத்தையும் போட்டுடச் சொல்லுங்க. வளையல், சென்ட்டெல்லாம் அப்புறம் வரட்டும்.