அப்பாவுக்கு ஒரு கிண்ணம்

அப்பா குடிச்சிட்டு வந்தா வீட்ல சண்டைதான். அதனாலேயே நான் குடியைத் தொட்டதில்லை.

ஜார்ஜியா நாட்டின் ககேதியில் நான் தங்கிய வீட்டுப் பெரியவர், மண்ணில் கழுத்துவரை புதைத்த க்வெவ்ரி எனும் தாழியைத் திறந்து காட்டினார். திராட்சைச் சாற்றைத் தோல், விதையோடு மாதக்கணக்கில் அதற்குள் விட்டுவைப்பார்கள். 2013இல் யுனெஸ்கோ அங்கீகரித்த முறை.

இரவு விருந்தில் யாரும் இஷ்டத்துக்குக் குடிக்கவில்லை. விருந்தை நடத்தும் 'தமாதா' எழுந்து பேசி முடித்த பிறகுதான் கிண்ணம் வாய்க்குப் போனது. அமைதிக்கு, பெற்றோருக்கு, பிறகு இறந்தவர்களுக்கு.

"உனக்கு யார்?" என்று பெரியவரின் மகள் ஆங்கிலத்தில் கேட்டாள்.

"அப்பா."

அவரைப் பற்றி நான் யாரிடமும் நல்லதாகப் பேசியதில்லை. மழையிலும் டியூஷன் வாசலில் மோட்டாரோடு நிற்பாரே, அதைச் சொன்னேன். எல்லாரும் எழுந்து நின்றார்கள்.

ஒரு மடக்கு குடித்தேன். துவர்த்தது.