உரிமம் வந்த மறுநாள்

சென்ற ஞாயிற்றுக்கிழமை சித்தூரிலிருந்து ஒரு தம்பி அழைத்தான். எங்கள் தெருவில் பட்டம் விட்டுத் திரிந்தவன். "அண்ணா, கிளைடர் உரிமம் கைக்கு வந்துவிட்டது. இனி என்ன செய்வது?" என்றான். வாழ்த்துச் சொன்னேன், கேள்விக்கு உடனே விடை சொல்ல இயலவில்லை. 6 ஆண்டுகளுக்கு முன் அதே கேள்வி எனக்கும் எழுந்தது. நான் அதை யாரிடமும் கேட்கவில்லை. என் உரிமம் திருப்பதி விடுதியறையில், சான்றிதழ்க் கோப்பின் அடியில் காலாவதியாகிக் கிடக்கிறது.

பயிற்சிக் காலத்தில் ஒவ்வொரு நாளுக்கும் ஓர் இலக்கு இருந்தது: இன்று திருப்பம், நாளை தரையிறக்கம், பிறகு தனியாகப் பறத்தல். பின்னிருக்கையில் ஆசிரியர் இருந்தார். உரிமம் வந்ததும் இலக்கும் துணையும் ஒருசேர நீங்கின. தரையிலுள்ள இழுபொறி, கம்பிவடத்தால் கிளைடரை இழுத்துச் சுமார் 300 மீட்டர் உயரத்தில் விட்டுவிடும். மேலெழும் வெப்பக்காற்று அகப்படாவிட்டால் ஐந்தாறு நிமிடங்களில் மீண்டும் தரை. அந்தச் சில நிமிடங்களுக்காக இரவெல்லாம் ரயிலில் போனேன். மூன்று முறை போனேன். நான்காம் முறை, ஆய்வேட்டைக் காரணம் காட்டி நின்றுவிட்டேன். உண்மையான காரணம் வேறு: நான் போகாவிட்டால் அங்கே எந்த வேலையும் நிற்கப்போவதில்லை.

உரிமத்துக்கு அப்பால் படிகள் இல்லாமல் இல்லை. பன்னாட்டு வான்விளையாட்டுக் கூட்டமைப்பின் வெள்ளிச் சின்னத்துக்கு மூன்று தகுதிகள் வேண்டும்: 5 மணி நேரம் பறத்தல், 1,000 மீட்டர் உயரம் கூடுதலாக ஏறுதல், 50 கிலோமீட்டர் கடத்தல். சித்தூருக்கும் திருப்பதிக்கும் இடையே நேர்க்கோட்டுத் தொலைவு ஏறத்தாழ 57 கிலோமீட்டர். நான் எட்டாமல் விட்ட தொலைவைப் பேருந்தில் கடந்துகொண்டே இருக்கிறேன். சேஷாசலம் மலைச்சரிவின் மேல் பருந்துகள் இறக்கையை அசைக்காமல் வட்டமிட்டு ஏறுவதைக் காணும்போதெல்லாம் உள்ளம் சற்றுக் குன்றும்.

நம் நாட்டில் கிளைடர்களை வடிவமைத்தவர்கள் அவற்றுக்கு விண்மீன்களின் பெயரைச் சூட்டினார்கள். 1958இல் அசுவினி பறந்தது, 1961இல் ரோகிணி, பின்னர் மிருகசீரிடம், ஆருத்ரா. ஒன்று பறந்து முடிந்தபின் அடுத்ததற்கான வேலை காத்திருந்தது. ஜெர்மனியின் டார்ம்ஷ்டாட் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் 1920இல் தோன்றிய மாணவர் பறத்தல் குழு இன்றும் இயங்குகிறது. மாணவர்களே கிளைடரை வடிவமைத்து, பட்டறையில் கட்டி, அவர்களே பறக்கவும் செய்கிறார்கள். அங்கே உரிமம் பெற்றவனுக்கு மறுநாள் காலையில் பட்டறையில் வேலை இருக்கிறது. அவனை அங்கே நிறுத்தி வைப்பது வானம் மட்டும் அன்று. தரையில் அவனுக்காகக் காத்திருக்கும் வேலையும்தான்.

இதைத்தான் அன்றிரவு தம்பியிடம் சொன்னேன்: "அடுத்த முறை பறப்பதற்கென்று மட்டும் போகாதே. இறக்கை முனையைப் பிடித்துக்கொண்டு ஓடு. வடத்தைக் கொண்டுவந்து மாட்டு. நேற்று சேர்ந்தவனுக்குப் புறப்பாட்டுச் சோதனைகளைச் சொல்லிக்கொடு. பிறகு மூத்தவர் ஒருவரோடு இருவர் அமரும் கிளைடரில் ஏறி, காற்றைத் தேடக் கற்றுக்கொள். 5 மணி நேரத்தை முதலில் அரை மணி நேரமாக்கிப் பார்."

நம் ஆய்வுத்துறைகளிலும் இதுவே நிகழ்கிறது. பதிவு பெறும்வரை சுற்றி நின்று ஊக்குவிக்கிறோம்; பட்டமளிப்பு நாளில் மாலையிடுகிறோம். மறுநாள் அவர்கள் என்ன செய்வார்கள் என்று எண்ணுவதில்லை. சென்ற ஆண்டு பட்டம் பெற்று வெளியேறிய ஒருவரை இந்த வாரம் அழையுங்கள். பாராட்ட வேண்டாம், ஒரு வேலை கொடுங்கள். ஒரு கருத்தரங்கக் கட்டுரையைத் திருத்தித் தரச் சொன்னாலும் போதும்.

பேசி முடிக்கும்போது தம்பி கேட்டான்: "நீங்களும் வருகிறீர்களா அண்ணா?"

மருத்துவச் சோதனைக்கு நாள் குறித்திருக்கிறேன். ரயில் சீட்டு இரண்டாக எடுத்தாயிற்று.