விருந்து யாருக்கு?

‘விருந்து’ என்ற சொல்லுக்குப் பழந்தமிழிலே சோறு என்றோ கறி என்றோ பொருள் இல்லை. புதுமை என்பதே அதன் முதற்பொருள். பின்னர் வீடு தேடி வரும் புதியவரை அது குறித்தது. வந்த மனிதரைக் குறித்த சொல், காலப்போக்கில் அவருக்கு இட்ட உணவைக் குறிப்பதாயிற்று. வகுப்பிலே பல ஆண்டுகளாக நான் சொல்லிவரும் பாடம் இது. 2025ஆம் ஆண்டிலே கொழும்பில் ஒரு பிறந்தநாள் விழாவில் அதை நானே திரும்பவும் படிக்க நேர்ந்தது.

விடைத்தாள் திருத்தும் பணிக்காக அங்கு சென்றிருந்தேன். எங்கள் ஊரவர் ஒருவர் கடற்கரையை அண்டி ஓர் உணவகம் நடத்துகின்றார். அவருக்கு அன்று ஐம்பது வயது நிறைவெய்தியது. “தம்பி, நீர் கட்டாயம் வரவேணும். பள்ளிக்கூட ஆக்கள் ஒருத்தரும் இல்லாமல் என்ன கொண்டாட்டம்?” என்று தொலைபேசியில் அழைத்தார். போனேன்.

அண்ணையைப் பற்றிச் சிறிது சொல்லவேண்டும். அவர் பரம்பரைப் பணக்காரர் அல்லர். தொண்ணூறுகளிலே, யுத்தத்துக்குத் தப்பிப் பாரிஸ் நகரம் சென்ற எத்தனையோ இளைஞருள் ஒருவர். பன்னிரண்டு ஆண்டுகள் ஓர் உணவகக் குசினியிலே கோப்பை கழுவினார். சீமான்கள் குடித்து மீதம் விட்ட கிண்ணங்களைக் கழுவுமுன் ஒரு துளி நாவில் இட்டுப் பார்த்தே வைன் வகைகளைப் பிரித்தறியப் பழகியதாகச் சொல்வார். யுத்தம் முடிந்தபின் திரும்பிவந்து, சேமித்த பணத்தில் இந்த உணவகத்தைத் திறந்தார்.

அன்றைய உணவைப் பற்றிப் பொய் சொல்லமாட்டேன். அது மிக நன்றாகவே இருந்தது. வெண்ணெயிலும் உள்ளியிலும் வதக்கிய களப்பு நண்டு, தேசிக்காய்ச் சாற்றில் ஊறிய மீன், சிவப்பு வைனிலே மணிக்கணக்காக மெல்ல வெந்த ஆட்டிறைச்சி. எலும்பைத் தொட்டவுடன் இறைச்சி கழன்று வந்தது. நல்ல உணவை வெறுப்பதுதான் முற்போக்கு என்று எண்ணுபவன் நான் அல்லன். நாவின் இன்பமும் மனிதன் உழைத்துத் தேடிக்கொண்ட நாகரிகத்தின் ஒரு பகுதியே.

வைனை அண்ணையே விளக்கினார். அது பிரான்சின் போர்தோப் பகுதியில் வடித்தது. 1855இல் மூன்றாம் நெப்போலியன் பாரிஸிலே நடத்திய கண்காட்சிக்காக அப்பகுதித் தோட்டங்களைத் தரம் பிரித்தார்களாம். நாவால் சுவைத்து வகுத்த தரம் அன்று அது. சந்தையிலே எந்த வைன் என்ன விலைக்குப் போயிற்று என்பதைக் கொண்டு தரகர்கள் வகுத்தது. நூற்றெழுபது ஆண்டுகளாகியும் அப்பட்டியல் ஏறக்குறைய அப்படியே நிற்கின்றது. கிண்ணத்தை வாயில் வைத்தேன். நாவின் ஓரங்களில் ஒரு துவர்ப்பு. நமது தேயிலைச் சாயத்தில் உள்ள அதே துவர்ப்புத்தான்.

தோலகட்டி மடத்துத் துறவிகள் வடிக்கும் முந்திரிகை ரசத்துக்கு மேல் எதனையும் அறியாத எனக்கு, புறநானூறு நினைவுக்கு வந்தது. யவனர் கொணர்ந்த தேறலைப் பொற்கலத்தில் ஏந்தி மகளிர் பாண்டியனுக்கு ஊட்டுவதை நக்கீரர் பாடியிருக்கின்றார். ஆகவே, கடல் கடந்து வந்த வைன் தமிழனுக்குப் புதியதன்று. இவ்வாறு எண்ணிப் பெருமிதம் கொண்டிருந்த வேளையிலே, வெள்ளைக் கையுறை அணிந்த ஒரு கை என் கிண்ணத்தை நிரப்ப வந்தது.

“சேர்…” என்றது ஒரு மெல்லிய குரல்.

நிமிர்ந்து பார்த்தேன். என் மாணவன். உயர்தர வகுப்பிலே தமிழில் முதல்வனாக நின்றவன். தகப்பன் கடற்றொழிலாளி. 2022 ஆவணியிலே மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து ஒரே நாளில் 340 ரூபாவாக ஏறியபோது, அவர்களுடைய படகு கரையேறியது. பையன் பள்ளியை விட்டு நின்றான். எங்கே போனான் என்று நான் தேடவில்லை. அந்த ஆண்டிலே அவ்வாறு நின்றவர்கள் பலர் என்று என் மனத்துக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டேன். அவன் ஊற்றினான். நான் ஊற்றவிட்டேன். “எப்படி இருக்கிறாய்?” என்று கேட்பதற்குள் அடுத்த மேசைக்குப் போய்விட்டான்.

என் முகத்தைக் கவனித்த அண்ணை, “கெட்டிக்காரப் பெடியன். நானும் கோப்பை கழுவித்தானே தம்பி வந்தனான்? இவங்களும் அப்பிடியே வரட்டும்” என்றார். மேசையில் இருந்தோர் தலையசைத்தனர். நானும் அசைத்தேன். அதற்காகத்தான் இதை எழுதுகின்றேன்.

தான் பட்ட துன்பத்தை மற்றவர் படாதிருக்க வழி செய்வது ஒன்று. அதையே மற்றவர்க்கும் விதியாக்குவது வேறொன்று. பாரிஸ் குசினியின் நீராவியிலே வெந்த மனிதர், அந்தக் குசினியையே இங்கு கட்டி எழுப்பியிருக்கின்றார். அவர் கொடியவர் அல்லர். முதலாளியின் கதிரையில் அமர்ந்தவுடன் தொழிலாளியாக இருந்த காலம் வெறும் வீரக்கதை ஆகிவிடுகின்றது. அவ்வளவுதான். 2025 சித்திரையிலே சட்டம் விதித்த குறைந்தபட்ச மாதச் சம்பளம் 27,000 ரூபாவாக இருந்தது. அன்று எங்கள் மேசையில் திறந்த போத்தல் ஒன்றின் விலை அதைவிடக் கூட.

நள்ளிரவுக்குப் பின், பின்வாசற் படியிலே அவனைக் கண்டேன். பாணும் பருப்பும் உண்டுகொண்டிருந்தான். அதுவே அவனுடைய இராச் சாப்பாடு. என்னைக் கண்டதும் எழுந்தான். இருக்கச் சொல்லிவிட்டு நானும் படியில் இருந்தேன். தகப்பனையும் தங்கையையும் பற்றிச் சொன்னான். சம்பளத்தைப் பற்றி முறையிடவில்லை. கடைசியாக, “சேர், தனிப்பட்ட பரீட்சார்த்தியாச் சோதனை எடுக்கலாமோ? படிக்க நேரம்தான் இல்லை. ரெண்டு கிழமைக்கு ஒரு நாள்தான் லீவு” என்றான்.

அதியமானை இழந்த ஔவையார் பாடிய பாட்டை இவனுக்குப் படிப்பித்தவன் நான். சிறிதளவு கள் கிடைத்தால் எமக்கே தந்துவிடுவான். சோறு சிறிதாயினும் பெரிதாயினும் பல கலங்களில் பகிர்ந்து உண்பான் என்று அவர் அழுகின்றார். நக்கீரரின் பொற்கலத்தை நினைத்துப் பெருமைப்பட்ட எனக்கு, மேசையில் இருந்தபோது ஔவையின் பல கலங்கள் நினைவுக்கு வரவில்லை. பாட்டை நான் வைத்துக்கொண்டேன். பசியை அவனிடம் விட்டுவிட்டேன்.

மறுநாட் காலை அண்ணையுடன் தொலைபேசியிற் பேசினேன். விருந்துக்கு நன்றி சொன்னேன். பின்னர், இரவு சொல்லத் தவறியதைச் சொன்னேன்: “அண்ணை, உங்களுக்குப் பாரிஸிலை ஆரும் கிழமைக்கு இரண்டு பின்னேரம் தந்திருந்தால், நீங்கள் என்னவாகியிருப்பீங்கள்?” அவர் நெடுநேரம் பேசவில்லை. குசினியிலே பாத்திரங்கள் மோதும் ஒலி மட்டும் கேட்டது. “பாப்பம் தம்பி” என்றார்.

ஊர் திரும்பியதும் பாடநூல்களையும் குறிப்புகளையும் கட்டிப் பையனுக்கு அனுப்பினேன். இது தர்மம் அன்று. மூன்றாண்டு தாமதமாகிய கடமை. ஒரு பையனுக்கு இரண்டு பின்னேரங்கள் கிடைத்துவிட்டால் எல்லாக் குசினிகளின் துயரமும் தீர்ந்துவிடாது என்பதையும் அறிவேன். அதற்குத் தொழிலாளர்களே ஒன்றுசேர வேண்டும். எனினும், அந்தப் ‘பாப்பம்’ ஓர் ‘ஓம்’ ஆகும்வரை, கிழமைதோறும் அண்ணைக்குத் தொலைபேசி எடுத்துக்கொண்டே இருப்பேன். வகுப்பிலே இனி ‘விருந்து’ என்ற சொல்லை விளக்கும்போது, யார் வந்தார் என்பதோடு யார் பரிமாறினார் என்பதையும் சொல்லப்போகின்றேன்.