கீப்பர்

கோடையில் கண்மாய் வற்றினால் சிவகாசிப் பையன்களுக்கு அதுதான் கிரவுண்டு. மூணு கருவேலங் குச்சி, ஒரு கார்க் பால். எல்லோருக்கும் பேட்டிங் வேணும், பௌலிங் வேணும். கீப்பிங் என்றால் மட்டும் ஆளுக்கொரு பக்கம் நழுவுவோம். கடைசியில் அது ஒருத்தன் தலையில்தான் விடியும். வீட்டில் வைத்த பெயர் அவனுக்கு உண்டு. எங்களுக்கு அவன் வெறும் 'கீப்பர்'.

பட்டாசு ஆபீசில் வேலை பார்த்தான். ஞாயிற்றுக்கிழமை ஆட வரும்போதும் நகக்கண்ணில் அலுமினியப் பவுடர் வெள்ளியாக மினுங்கும். கிளவுஸெல்லாம் கிடையாது. வெறுங்கைதான்.

ஒரு ஃபைனல். எதிரணிக்குக் கடைசிப் பந்தில் இரண்டு ரன் வேணும். பந்து கீப்பர் கையில் பட்டுத் தெறித்து பின்னால் ஓடியது. பை ஃபோர். தோற்றோம். "கையா அது, சல்லடையா?" என்று கத்தினேன். அவன் பதில் பேசவில்லை. சுண்டுவிரல் வீங்கியிருந்ததை மறுநாள்தான் பார்த்தேன். அப்போதும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

ரொம்ப வருஷம் கழித்து ஜனார்தன் நவ்லே பற்றிப் படித்தேன். 1932 ஜூன் 25, லார்ட்ஸ் மைதானம். இந்தியாவின் முதல் டெஸ்ட். முகமது நிசார் புயலாக வீசி இங்கிலாந்தின் இரண்டு ஓப்பனர்களையும் போல்டாக்கினார். அந்த வேகத்தை ஸ்டம்ப்புக்குப் பின்னால் நின்று வாங்கிக்கொண்டவர் நவ்லே. அதோடு விட்டார்களா? இன்னிங்ஸைத் தொடங்கவும் அவரையே அனுப்பினார்கள். டெஸ்டில் இந்தியா சந்தித்த முதல் பந்து அவர் மட்டைக்குத்தான் வந்தது. எடுத்தது 12 ரன்.

ஆடியது மொத்தம் இரண்டே டெஸ்ட். பிற்காலத்தில் ஒரு சர்க்கரை ஆலையில் காவல்காரர் வேலை. 1979-ல் புனேயில் இறந்துபோனார். நிசாரைத் தெரிந்தவர்களிடம் நவ்லே என்று சொல்லிப் பாருங்கள், "யாரு?" என்பார்கள்.

கீப்பர் தடுத்த பந்துகளுக்கு ஸ்கோர் நோட்டில் இடம் இல்லை. விட்ட பந்து மட்டும் 'பை' என்று ஏறிவிடும். நம்ம வீடுகளிலும் இப்படி எத்தனை பேர்! தினமும் சோறு ருசியாக இருந்தபோது வாய் திறக்காதவர்கள், உப்பு கூடிய அன்று மட்டும் பேசுகிறோமே.

போன தீபாவளிக்கு ஊருக்குப் போனபோது பஜாரில் கீப்பரைப் பார்த்தேன். தயங்கித் தயங்கி, "அன்னைக்கு அந்த மேட்ச்சுல நான் பேசுனது தப்புடா" என்றேன்.

"எந்த மேட்ச்சு மாப்ள?" என்று சிரித்தபடி கையை நீட்டினான்.

சுண்டுவிரல் கோணலாகவே கூடியிருந்தது.