பட்டறைக்கு நடுவே ஒரு கோடு

வேட்டியைக் கிழித்தால் இரண்டு துண்டு கிடைக்கும். சட்டையைக் கிழித்தால்? தொழிற்சாலை மனை இருக்கிறதே, அது சட்டை ஜாதி!

கோவையில் அப்பாவும் பெரியப்பாவும் சேர்ந்து நடத்திய லேத் பட்டறை, 20 சென்ட். ரோட்டோரம் 66 அடி, உள்ளே 132 அடி. தனித்தனியாகப் போவதென்று பேசி முடித்தார்கள்.

"நீதான் பி.காம். ஆச்சே, பிரிச்சுக் குடு கண்ணு" என்றார் பெரியப்பா.

பிரித்தேன். முன்பக்கம் தாத்தா போட்ட ஓட்டு ஷெட், மனையின் முழு அகலத்துக்கும் நிற்கிறது. அதை இடிக்கக் கூடாதே! எனவே முன்பாதி பெரியப்பாவுக்கு, பின்பாதி அப்பாவுக்கு. ஆளுக்கு 4,356 சதுர அடி. பேலன்ஸ் ஷீட் டேலி ஆன சந்தோஷம் எனக்கு. பாகப்பிரிவினைப் பத்திரம் பதிவாச்சு. சர்வேயர் அளந்து, உட்பிரிவு எண்ணோடு தனிப் பட்டாவும் வந்தாச்சு.

அப்பா பின்னால் புது ஷெட் போட மனு செய்தார். போன வேகத்தில் திரும்பி வந்தது.

"மனைப்பிரிவுக்கு அனுமதி எங்கே?" என்றார் அதிகாரி.

"பட்டா இருக்குங்களே சார்!"

"பட்டா வருவாய்த் துறை சமாச்சாரம். நிலம் யார் பேர்ல இருக்குன்னுதான் சொல்லும். எப்படிப் பிரிக்கலாம், என்ன கட்டலாம்கிறதுக்கு 1971-ஆம் வருஷத்து நகர் ஊரமைப்புச் சட்டம் இருக்கு. சரி, பின் மனைக்குத் தீயணைப்பு வண்டி எப்படி வரும்?"

"பெரியப்பா இடத்து வழியா..."

"பெரியப்பா மனசு மாறலாம் தம்பி. வரைபடம் மாறாது."

மாறியே விட்டது! "அண்ணன் வழி விடோணும்" என்றார் அப்பா. "லாரி போற அளவுக்கு வழி விட்டா எனக்கு மிச்சம் என்ன இருக்கும்?" என்றார் பெரியப்பா. பேச்சு நின்றது. ஒரே பட்டறைக்கு இரண்டு தூக்கில் டீ வந்தது. பண்டிகைக்குக்கூட போக்குவரத்து இல்லை. கோடு போட்ட எனக்கோ சோறு இறங்கவில்லை.

கடைசியில் ஒரு சர்வேயர்தான், என் கோட்டை அழித்துவிட்டு நெடுக்காக ஒன்று போட்டார். 33 அடி, 33 அடி. அதே 4,356 சதுர அடி, இரண்டுக்கும் ரோடு! ஆனால் தாத்தாவின் ஷெட் போயாக வேண்டும். கோடு அவர் வாங்கிய முதல் லேத் மேலேயே ஓடியது.

பெரியப்பா வரைபடத்தை வெகுநேரம் பார்த்தார்.

"இடிச்சுப் போடலாம். ஷெட்டு போனாக் கட்டிக்கலாம். லேத்து உங்கப்பன் பக்கமே இருக்கட்டும். அவனுக்குத்தான் அது சொன்ன பேச்சுக் கேக்கும்."

அப்பா எழுந்து வெளியே போய்விட்டார். கண்ணில் தூசியாம்!

மறுபடி பத்திரம், மறுபடி கட்டணம். முதலிலேயே அனுமதி கேட்டிருந்தால் இரண்டும் மிச்சம். மனைப்பிரிவு அனுமதியும் வந்தது. இப்போது டீ ஒரே தூக்கில்தான் வருகிறது.

அந்த டீச் செலவை இரண்டாகப் பிரிக்கிற வேலை மட்டும் என் தலையில். பி.காம். ஆச்சே!